ஊருக்கு ஒரு பட்டறை: வாடகை அறையா, பள்ளி லேபா, நூலகமா, டிரங்குப் பெட்டியா?

“அண்ணா, நாங்க ஆறு பேர். மூணு பேர் இன்ஜினியரிங் கடைசி வருஷம், ரெண்டு பேர் பாலிடெக்னிக், ஒருத்தி பி.எஸ்சி. பிசிக்ஸ். ஊர்ல பிள்ளைங்களுக்கு ஒரு மேக்கர்ஸ்பேஸ் தொடங்கணும். கையில ஒரு லட்சம் இருக்கு. எந்த த்ரீடி பிரின்டர் வாங்கலாம்?”

ஆள் எண்ணிக்கையும் தொகையும் கொஞ்சம் மாறும். மற்றபடி ஒரு வருஷமாக எனக்கு வருகிற கேள்வி இதுதான். பிரின்டரை அப்புறம் பார்ப்போம். அதை எங்கே வைக்கப் போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்டால், “ஒரு ரூம் எடுத்துடலாம்” என்று சட்டென்று பதில் வருகிறது. நாங்களும் அப்படித்தான் எடுத்தோம். தென் மாவட்டத்துச் சின்ன நகரம், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடியில் ஒற்றை அறை. இரண்டு வருஷம் நடத்தி மூடினோம். பிறகு ஸ்கூட்டரில் கருவிகளைத் தெருத்தெருவாகக் கொண்டுபோகும் டிரங்குப் பெட்டி, நூலகம், பள்ளி லேப் என்று ஒரு சுற்று வந்தோம். தொடங்கின வரிசைதான் தப்பு என்று மூடிய பிறகே புரிந்தது.

மேக்கர்ஸ்பேஸ் என்றால் கருவிகளைப் பொதுவில் வைத்து, பிள்ளைகள் தாங்களே பொருள் செய்து பார்க்கும் இடம். அந்தப் பெயர் பிள்ளைகள் வாயில் நுழையவில்லை. “பட்டறை” என்றே சொன்னார்கள். இங்கும் அப்படியே சொல்கிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

சாவி. முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குக் கதவைத் திறக்கிறவர் யார்? அவருக்குக் காய்ச்சல் என்றால் யார்? ஆறு பேரும் வேலைக்குப் போன பிறகு யார்? சாவி உங்கள் கையில் இருந்தால் நேரம் உங்களுடையது; வாடகையும் உங்களுடையது. தலைமையாசிரியர் கையில் இருந்தால் செலவு குறைவு, ஆனால் மே மாதம் முழுக்கப் பூட்டு. கீழே வருகிற ஒவ்வொரு இடத்தையும் இந்தக் கேள்வியோடுதான் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, ‘இரண்டாவது வருகை’, அதாவது ஒரு பிள்ளை மறுபடி திரும்பி வருவது. இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி வீட்டு மொட்டைமாடித் தொட்டிக்குத் தண்ணீர் மட்டம் காட்டும் கருவி செய்தாள். கால், அரை, முழு என்று மூன்று எல்இடி, மூன்று பிசி547 டிரான்சிஸ்டர், பழைய மொபைல் சார்ஜரிலிருந்து ஐந்து வோல்ட். தொட்டியின் அடியில் ஒரு பாசிட்டிவ் கம்பி. மூன்று உயரங்களில் மூன்று கம்பிகள். எங்கள் ஊர் உப்புத் தண்ணி மின்சாரத்தை நன்றாகவே கடத்தும் என்பதால் முதல் நாளே வேலை செய்தது. வீட்டில் பெருமை, போட்டோ, எல்லாம்.

பதினைந்தாம் நாள் வந்து, “அண்ணா, செத்துப்போச்சு” என்றாள். கம்பியைக் கழற்றிப் பார்த்தால், மேலே இருந்த மூன்றும் அப்படியே இருந்தன. அடியில் இருந்த பாசிட்டிவ் கம்பி மட்டும் பச்சை பூத்து, நூல் மாதிரி இளைத்திருந்தது. “ஏன் இது மட்டும்?” என்று அவளே கேட்டாள். அன்றைக்கு இரண்டு மணி நேரம் மின்னாற்பகுப்புதான் ஓடியது, பாடப் புத்தகத்தில் அந்த அத்தியாயம் வருவதற்கு முன்பே. பாசிட்டிவ் முனையில் செம்பு கரைந்து தண்ணீருக்குள் போகிறது. எப்போதும் மின்சாரம் ஓடுவதால் நிற்காமல் போகிறது. தீர்வை இரண்டாகப் பிரித்துக்கொண்டோம். கம்பி முனைக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்குரூ என்பது நாங்கள் சொன்னது. பட்டன் வைத்து, பார்க்கும்போது மட்டும் அழுத்துவது அவளுடைய யோசனை. அவளுடையதுதான் மேல்.

முதல் நாள் செய்தது கிட் பார்த்துச் செய்தது. அவள் கற்றது பதினைந்தாம் நாள்தான். ஆகவே ஒரு பிள்ளை கெட்டுப்போன பொருளைத் தூக்கிக்கொண்டு திரும்பி வரும்போது அந்த இடம் திறந்திருக்குமா என்று பாருங்கள்.

பெண் பிள்ளைகள் வர முடியுமா. கழிப்பறை இருக்கிறதா, தெருவிளக்கு எரிகிறதா, ஆறரை பஸ்ஸைப் பிடிக்க முடியுமா, உள்ளே ஓர் அக்கா இருக்கிறாரா. இந்த நாலில் ஒன்று இல்லை என்றாலும் மூன்றாம் வாரத்தில் பையன்கள் மட்டும் மிஞ்சுவார்கள். எங்கள் மாடி அறையில் கழிப்பறை இல்லை. மேலே சொன்ன பெண் நூலகத்துக்கு மாறிய பிறகு வந்தவள்.

பதினான்காம் மாதத்துப் பணம். தொடங்கும் பணம் கிடைத்துவிடும். கல்யாண வீட்டு மொய் மாதிரி முதல் மாதம் எல்லோரும் தருவார்கள். பதினான்காம் மாத வாடகைக்கு யாரும் தர மாட்டார்கள்.

ஆள் போனால். இளைஞர்கள் நடத்துவது என்றாலே இரண்டு மூன்று வருஷத்தில் ஓசூருக்கோ பெங்களூருக்கோ கிளம்பிவிடுவார்கள். அதில் குற்றம் ஒன்றுமில்லை. சென்னை ஐஐடியில் சென்டர் ஃபார் இன்னொவேஷன் என்று ஒன்று 2008 முதல் நடக்கிறது. 1981இல் படித்து முடித்த பழைய மாணவர்கள் கொடுத்த நிதியில் தொடங்கி, மாணவர்களே நடத்தும் பட்டறை. நாலு வருஷத்தில் எல்லோரும் போய்விடுவார்கள் என்பது அங்கே முதல் நாளே தெரிந்த விஷயம். அதனால் ஜூனியர் தயாராகிக்கொண்டே இருக்கிறார். கட்டடமும் கரண்டு பில்லும் நிறுவனத்துடையது. உங்கள் ஊரில் இந்த இரண்டையும் யார் தருவார்கள்?

## ஒரே பார்வையில்

தொகைகள் எங்கள் ஊர் நிலவரம். கோயம்புத்தூரிலோ சென்னையிலோ வாடகையை மட்டும் இரண்டு மூன்று மடங்காக்கிக்கொள்ளுங்கள்.

| | சாவி | தொடங்க | மாதம் | என்ன கருவி வைக்கலாம் | நீங்கள் ஊரை விட்டால் |
|---|---|---|---|---|---|
| வாடகை அறை | உங்களிடம் | ரூ. 90,000 முதல் 1.5 லட்சம் | ரூ. 10,000–12,000 | எல்லாம் | மூடும் |
| பள்ளி லேப் | தலைமையாசிரியரிடம் | அநேகமாக இல்லை | ரூ. 1,500–2,000 | ஏற்கெனவே இருக்கும் | லேப் இருக்கும், பூட்டிக் கிடக்கும் |
| நூலகம் | நூலகரிடம் | ரூ. 15,000–20,000 | ரூ. 2,000 | சத்தமும் புகையும் இல்லாதவை | நூலகரைப் பொறுத்தது |
| டிரங்குப் பெட்டி | சாவியே தேவையில்லை | ரூ. 12,000 | ரூ. 3,000 | தூக்க முடிந்தவை | பெட்டியைக் கைமாற்றலாம் |

## வாடகை அறை

இதன் நல்ல பக்கம் மிக நல்லது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குத் திறக்கலாம். பாதி முடிந்த வேலையை மேசையிலேயே விட்டுப் போகலாம். மறுநாள் அதே இடத்தில் அதே குழப்பத்தோடு இருக்கும். டிரில், கிரைண்டர், வெட்டும் ரம்பம், எதற்கும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். பள்ளியை விட்ட பையனும் வரலாம், பக்கத்து லேத் பட்டறை ஹெல்பரும் வரலாம். “எங்க இடம்” என்ற நினைப்பு பிள்ளைகளுக்கு வருவது இங்கேதான் அதிகம்.

இப்போது கணக்கு. வாடகை 4,500, அட்வான்ஸ் 30,000. ரூம் எடுத்த வாரமே வயரிங் மாற்ற ஏழாயிரம் போனது. பழைய வீட்டில் எர்த் கம்பி இல்லை; எர்த் போட்டு, மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் ஆர்சிசிபி வைக்காமல் பிள்ளைகளை உள்ளே விட முடியாது. பிறகு கரண்டு. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். பட்டறைக்கு அது பொருந்தாது. வீட்டு இணைப்பிலேயே ஓட்டினால் என்றாவது ஒரு நாள் கணக்கெடுக்க வருகிறவர் மேசையையும் மெஷினையும் பார்ப்பார், கட்டண வகை மாறும், அபராதமும் சேரலாம். எங்களுக்கு மாறியது.

செலவுப் பொருள் தனி. சால்டர் லெட், ஃபிளக்ஸ், வயர், எரிந்துபோகும் ரெகுலேட்டர், முனை உடைந்த டிரில் பிட், இதெல்லாம் மாதம் மூவாயிரத்தை அசால்டாகத் தின்னும். த்ரீடி பிரின்டர் இருந்தால், அது உருக்கி அச்சிடும் பிளாஸ்டிக் இழையான ஃபிலமென்ட். மழைக்காலத்தில் பையைப் பிரித்து வைத்த ஃபிலமென்ட் ஈரம் குடித்து, அச்சிடும்போது பட்பட்டென்று பொரியும், முறுக்கென்று உடையும். எட்டு மணி நேர அச்சின் ஏழாவது மணியில் கரண்டு போனால் கிடைப்பது பிளாஸ்டிக் குப்பை. சரி, யூபிஎஸ் வாங்குவோம் என்று அடுத்த செலவு. டீ, வடைக் கணக்கை நாங்கள் எழுதவே இல்லை. எழுதியிருந்தால் இன்னும் முன்னாலேயே மூடியிருப்போம்.

இதைவிட மறைவான செலவு ஒன்று உண்டு. வாடகை கட்டுவதற்காகப் பட்டறை மெல்ல மெல்லக் கோச்சிங் சென்டராக மாறும். ரோபாட்டிக்ஸ் கோர்ஸ் என்று பலகை வைத்து மாதம் ஆயிரம் வாங்கினோம். யாருக்காகத் தொடங்கினோமோ அந்தப் பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். அவர்கள் நின்றதை நாங்கள் கவனிக்கவே ஆறு மாதம் ஆனது. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

கட்டணம் வாங்காமல் வருமானத்துக்கு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. புனேவுக்குப் பக்கத்தில் பாபல் என்ற கிராமம். அங்கே எஸ். எஸ். கல்பாக் 1983இல் விஞ்ஞான் ஆசிரமத்தைத் தொடங்கினார். பள்ளிப் படிப்பை விட்ட பிள்ளைகள் வெல்டிங், கட்டட வேலை, வயரிங், விவசாயம் என்று ஊருக்குத் தேவையான வேலைகளைச் செய்தபடியே படிப்பது அங்கே வழக்கம். அமெரிக்காவின் எம்ஐடியில் நீல் கெர்ஷன்ஃபெல்ட் 1998இல் ‘ஏறக்குறைய எதையும் செய்வது எப்படி’ என்று ஒரு வகுப்பு எடுத்து, அதிலிருந்து ஃபேப் லேப் என்ற, கணினி இயக்கும் மெஷின்கள் உள்ள பட்டறை எண்ணம் பிறந்தது. அமெரிக்காவுக்கு வெளியே முதல் ஃபேப் லேப்களில் ஒன்று 2002இல் வந்து சேர்ந்தது இந்தப் பாபலுக்குத்தான். கணினி மெஷின்கள் வருவதற்குப் பத்தொன்பது வருஷம் முன்பே அங்கே கதவு திறந்திருந்தது, உள்ளே ஆள் இருந்தார்கள், ஊர் வேலையும் இருந்தது. நாங்கள் மெஷினை முதலில் வாங்கிவிட்டு ஆளைத் தேடினோம்.

எப்போது இது சரி: ஊரை விட்டுப் போகாத பெரியவர்கள் குறைந்தது இரண்டு பேர் குழுவில் இருந்தால். மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடைக்காரர், ஐடிஐ ஆசிரியர், செல்போன் சர்வீஸ் அக்கா, இப்படி யாராவது. கூடவே பன்னிரண்டு மாத வாடகை வங்கியில் தனியாக இருக்க வேண்டும். சங்கமாகப் பதிவு செய்யக் குறைந்தது ஏழு பேர் வேண்டும். அந்த ஏழில் இந்த இரண்டு பேரும் இருக்கட்டும். (உண்மையில் எந்த ஊருக்கும் முதல் மேக்கர்ஸ்பேஸ் காயில் கட்டுகிற கடைதான். அங்கே ஒரு மணி நேரம் நின்று பார்த்தால் மின்காந்தவியலில் பாதி புரிந்துவிடும்.)

## பள்ளியில் இருக்கும் லேப்

பக்கத்தில் அடல் டிங்கரிங் லேப் உள்ள பள்ளி இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். நிதி ஆயோக்கின் அடல் இன்னொவேஷன் மிஷன் 2016இல் தொடங்கிய திட்டம் இது. ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை. ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை: லேப் அமைக்க 10 லட்சம், ஐந்து ஆண்டு வரை நடத்த 10 லட்சம். நாடு முழுக்க 10,000 பள்ளிகளில் இப்படி லேப் வந்திருக்கிறது. அடுத்த ஐந்தாண்டில் அரசுப் பள்ளிகளில் இன்னும் 50,000 என்று 2025 பட்ஜெட்டில் அறிவித்தார்கள்.

நீங்கள் ஒரு லட்சம் சேர்க்கப் படுகிற பாட்டுக்கு, அங்கே பத்து லட்சத்துக்குப் பொருள் அலமாரியில் கிடக்கலாம். நான் போய்ப் பார்த்த ஒரு லேபில் சர்வோ மோட்டார் டப்பாக்கள் சீல் உடையாமல் இருந்தன. பொறுப்பாசிரியரைக் குறை சொல்ல வேண்டாம். ஸ்டாக் ரிஜிஸ்டரில் அவர் கையெழுத்து இருக்கிறது. பத்து சர்வோவில் இரண்டு எரிந்தால் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவர் அவர். பூட்டி வைப்பதுதான் அவருக்குப் பாதுகாப்பு. நீங்கள் உள்ளே போக வேண்டும் என்றால் அந்தப் பயத்தைக் குறைக்க வேண்டும். கெட்டுப்போகக்கூடிய சின்னப் பொருளையெல்லாம் உங்கள் காசில் கொண்டுபோங்கள். ரிஜிஸ்டரில் இருக்கிற பொருளுக்கு உங்களுடைய தனி நோட்டு ஒன்றில் எடுத்த நேரமும் வைத்த நேரமும் எழுதுங்கள். நாங்கள் இப்படிச் செய்தபோது மூன்றாம் மாதம் அவரே அலமாரியைத் திறந்தார்.

உள்ளே நுழைய நேர்வழியும் உண்டு. தன்னார்வலர்கள் லேபுக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு உதவும் வழிகாட்டித் திட்டம் ஒன்று இந்த மிஷனில் 2017இல் வந்தது. வாரத்துக்கு ஒன்றிரண்டு மணி நேரம், சம்பளம் கிடையாது. அந்த அடையாளத்தோடு போனால் தலைமையாசிரியருக்கு உங்களை அனுமதிக்க ஒரு காகிதம் கையில் இருக்கும். “நாங்க இந்த ஊர்ப் பசங்க சார்” என்பது மட்டும் போதாது, அதுவும் இந்தக் காலத்தில்.

மறைவான செலவு பணமாக வராது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை தேர்வு, மே விடுமுறை. ஆக வருஷத்தில் நாலு மாதம் கதவு திறக்காது. பிள்ளைகள் சும்மா இருக்கும் அந்த மே மாதம்தான் பட்டறைக்கு நல்ல காலம் என்பது வேறு விஷயம். ஆண்கள் பள்ளி என்றால் பெண் பிள்ளைகள் வர மாட்டார்கள். அடுத்த தெருப் பள்ளிப் பிள்ளையைச் சேர்ப்பதற்குத் தனியாகப் பேச வேண்டும். பொறுப்பாசிரியர் இடமாறுதலில் போனால் மறுபடி முதலிலிருந்து.

எப்போது இது சரி: குழுவில் எல்லோரும் இன்னும் ஒன்றரை வருஷத்தில் கிளம்புகிறவர்கள், ஆனால் வாரம் ஒரு நாள் உறுதியாக வர முடியும் என்றால். உங்கள் காலத்தைப் பொருள் வாங்குவதில் கரைக்காமல் பிள்ளைகளோடு கழிக்கலாம்.

## நூலகத்தின் ஓரம்

இதை யாரும் கேட்பதில்லை. எனக்குப் பிடித்தது இதுதான்.

தமிழ்நாட்டில் பொது நூலகச் சட்டம் 1948இலேயே வந்துவிட்டது, சுதந்திர இந்தியாவிலேயே முதலாவதாக. சொத்து வரியோடு நூலக வரியும் நாம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். கிளை நூலகங்களுக்குப் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும். பட்டறைக்கு இதைவிட நல்ல கால அட்டவணை கிடைக்காது. கழிப்பறை, விளக்கு, உள்ளே எப்போதும் ஒரு பெரியவர் எல்லாம் இருப்பதால் “லைப்ரரிக்குப் போறேன்” என்று சொல்லிவிட்டு வரும் பெண்ணை வீட்டில் தடுப்பதில்லை. நாங்கள் மாடி அறையிலிருந்து நூலகத்துக்கு வந்த முதல் மாதமே வருகிறவர்களில் பாதி பெண் பிள்ளைகள்.

நுழையும் வழி வாசகர் வட்டம். அதில் உறுப்பினராகி, அதன் நிகழ்ச்சி என்ற பெயரில் இரண்டு ஞாயிறு நடத்திக் காட்டிவிட்டு, பிறகு மாவட்ட நூலக அலுவலரிடம் கடிதம் கொடுங்கள். முதலிலேயே கடிதத்தோடு போனால் பதில் வரும், தாமதமாக.

இனி தொல்லைகள். வாசிப்பறையில் டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறவர்கள் ஊசி விழுந்தால் கேட்கிற அமைதியில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு அது வாழ்க்கை. நாங்கள் இரண்டாம் வாரம் சின்ன டிரில்லை ஓட்டினோம். ஒருவர் எழுந்து வந்து, சத்தமே போடாமல், எங்கள் முன்னால் நின்று பார்த்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் அங்கே டிரில் ஓடவில்லை. சால்டரிங் புகைக்கும் இடமில்லை. ஆகவே சத்தமும் புகையும் இல்லாத அறிவியலுக்குத்தான் நூலகம்: பிரெட்போர்டு (சால்டர் செய்யாமல் கம்பியைச் செருகி மின்சுற்று அமைக்கும் பலகை), காகிதத்தில் மின்சுற்று, நிரல் எழுதுவது, காற்றாடி இறக்கை வெட்டிச் சோதிப்பது. காகிதத்தை மடித்துச் செய்யும் ஃபோல்ட்ஸ்கோப் நுண்ணோக்கி இங்கே அற்புதமாகப் போகும். ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷின் குழு உருவாக்கியது, 140 மடங்கு பெரிதாக்கும். நூலகத்துக்குப் பின்னால் தேங்கிய தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்த அன்று யாரும் ஐந்து மணிக்கு வீட்டுக்குக் கிளம்பவில்லை.

இன்னொரு வாய்ப்பும் உண்டு. 2006இல் தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிகளில் நூலகக் கட்டடங்கள் எழுந்தன. அவற்றில் பல பூட்டியே கிடந்தன; சிலவற்றைப் புதுப்பித்திருக்கிறார்கள். உங்கள் ஊராட்சியில் ஒன்று பூட்டிக் கிடந்தால் சாவி ஊராட்சி அலுவலகத்தில் இருக்கும். அங்கே டிஎன்பிஎஸ்சிக்காரர்களும் இருக்க மாட்டார்கள். கிராமசபையில் எழுந்து கேட்டால் மறுப்பதற்குக் காரணம் தேட வேண்டியது அவர்கள்தான்.

எப்போது இது சரி: பெரும்பாலான ஊர்களில், பெரும்பாலான குழுக்களுக்கு, முதல் வருஷம். நூலகர் ஆர்வமில்லாதவர் என்றால் மட்டும் விட்டுவிடுங்கள். அவரோடு மல்லுக்கட்டி நடத்த முடியாது.

## டிரங்குப் பெட்டி

ஸ்கூட்டரில் ஒரு டிரங்குப் பெட்டி. உள்ளே ஐந்து மல்டிமீட்டர், நாலு சால்டரிங் அயர்ன், பத்து பிரெட்போர்டு, ஐந்து ஆர்டுயினோ குளோன் (நிரல் எழுதி ஓட்டும் சின்ன மின்னணுப் பலகையின் நகல்), காந்தம், லென்ஸ், மோட்டார், பேட்டரி, கட்டிங் பிளையர். கூடவே ஒரு கட்டுத் தீக்குச்சியும் சைக்கிள் வால்வு டியூபும். கடைசி இரண்டைச் சிரிக்காதீர்கள். 1970களில் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் திட்டத்தில் அரவிந்த் குப்தா இந்த இரண்டை வைத்துத்தான் வடிவியல் கற்றுக்கொடுத்தார். வால்வு டியூபை மூட்டாக வைத்து நாலு குச்சியில் சதுரம் செய்தால் சாயும்; மூன்றில் முக்கோணம் செய்தால் அசையாது. மின்கோபுரம் ஏன் முக்கோணமாக இருக்கிறது என்று அதற்கப்புறம் பிள்ளைகளே சொல்வார்கள். செலவு பத்து ரூபாய்.

பெரிய அளவிலும் இந்த வழி நடந்திருக்கிறது. 1999இல் தொடங்கிய அகஸ்தியா அறக்கட்டளை ஆந்திராவின் குப்பம் ஊரை மையமாக வைத்து, வேனிலும் பைக்கிலும் அறிவியல் சாதனங்களைக் கிராமப் பள்ளிகளுக்குக் கொண்டுபோகிறது. தமிழ்நாடு அரசின் வானவில் மன்றம் 2022 நவம்பர் 28 அன்று திருச்சியில் தொடங்கியது. 13,000க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்குச் சோதனைகளோடு கருத்தாளர்கள் வருகிறார்கள். எனவே பகலில் பள்ளிக்குள் போவதற்கு நீங்கள் தேவையில்லை. சாயங்காலம் சமுதாயக் கூடம், தெருமுனை டியூஷன், கோயில் மண்டபம், செங்கல் சூளை ஓரக் குடியிருப்பு, அங்கெல்லாம்தான் யாரும் வருவதில்லை.

பெட்டியின் பலவீனம் நான் முதலில் சொன்ன இரண்டாவது வருகை. ஒரே மாலையில் எல்லாம் முடிய வேண்டும் என்பதால், முடிகிற மாதிரியான சோதனையை மட்டுமே எடுப்போம். கெட்டுப்போவதற்கு எதற்கும் நேரம் இருக்காது. அந்தப் பெண்ணின் கம்பி பச்சை பூத்தபோது பெட்டி வேறு ஊரில் இருந்திருக்கும். பத்து ஊருக்குப் போகாமல் இரண்டே இடத்துக்கு, பதினைந்து நாளுக்கு ஒருமுறை, சொன்ன கிழமையில் போனால் இது ஓரளவு சரியாகும். ஒரு பிரெட்போர்டையும் மீட்டரையும் பெயர் எழுதி வாங்கிக்கொண்டு பிள்ளையிடமே விட்டு வாருங்கள். இரண்டு வருஷத்தில் எங்களுக்குத் திரும்பாமல் போனது ஒரே ஒரு மீட்டர்.

மறைவான செலவு முதுகுவலி. மற்றபடி, எண்ணி அடுக்கி எடுத்து வைக்கப் போகும் நேரம், சொல்லித் தரும் நேரத்துக்குச் சமம்.

எப்போது இது சரி: இன்னும் இடமே தெரியாதபோது, முதல் மூன்று மாதம். எந்தத் தெருவில் பிள்ளைகள் உண்மையில் வருகிறார்கள், உங்கள் ஆறு பேரில் உண்மையில் யார் வருகிறார்கள் என்ற இரண்டும் தெரிந்துவிடும். எங்கள் ஆறில் இரண்டு பேர்தான்.

## கல்லூரி லேபைக் கேட்கலாமா

கேட்கலாம். மெஷின் எல்லாம் இருக்கும். ஆனால் காம்பவுண்டுக்கு வெளியே உள்ள ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்த கேட் பயத்தைத் தரும், செக்யூரிட்டி இன்னும் அதிகமாகத் தருவார். வருஷத்துக்கு இரண்டு மூன்று நாள், லேசர் கட்டர் போன்ற பெரிய மெஷினைக் காட்டக் கூட்டிப் போக நல்லது. அப்படிப் போகும்போது கண்டதையும் வெட்டித் தரச் சொல்லாதீர்கள். ரெக்சின் பெரும்பாலும் பிவிசியால் ஆனது. லேசர் பட்டால் குளோரின் கலந்த புகை வந்து மெஷினையும் கெடுக்கும், மூச்சையும் கெடுக்கும்.

## எங்கே நடத்தினாலும்

பெற்றோர் கையெழுத்துப் படிவம். கண்ணாடி போடாமல் கிரைண்டர், டிரில் பக்கம் யாரும் வரக்கூடாது. பின்னலைக் கட்டி, துப்பட்டாவைக் கழற்றி வைக்க ஓர் ஆணி. சால்டர் லெட்டில் ஈயம் இருக்கும், எனவே சோப்புப் போட்டுக் கை கழுவாமல் வடையைத் தொடக்கூடாது. உப்பிய லித்தியம் பேட்டரியை எந்த ஆர்வக்கோளாறும் பிரிக்கக்கூடாது. எந்த நேரமும் இரண்டு பெரியவர்கள், அதில் ஒருவர் பெண்.

## அந்த ஆறு பேருக்கு என் பதில்

ஒரு லட்சத்தில் பன்னிரண்டாயிரத்துக்குப் பெட்டி. மூன்று மாதம், இரண்டு தெரு. அதன் பிறகு நூலகத்தில் ஓர் அலமாரி, வாரம் ஒரு ஞாயிறு. சத்தம் போடும் வேலைக்குப் பக்கத்துப் பள்ளி லேபில் மாதம் இரண்டு சனிக்கிழமை கேளுங்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் கிளை உங்கள் ஊரில் இருந்தால் போய்ப் பேசுங்கள். 1980இலிருந்து இருக்கிறார்கள், நீங்கள் கிளம்பிய பிறகும் இருப்பார்கள். மிச்சப் பணத்தைத் தொடாதீர்கள். ஒரு வருஷம் கழித்து, ஊரோடு இருக்கும் இரண்டு பேர் தானாகவே உங்களோடு நிற்கிறார்கள் என்றால் அப்போது அறை எடுக்கலாம். நிற்கவில்லை என்றால் எடுக்க வேண்டாம்.

ஒரு நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் பொருள் பட்டியலுக்கும் முன்னால், பட்டறையை மூடினால் எது யாருக்குப் போகும் என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். நாங்கள் எழுதவில்லை. மூடிய அன்று டிரில் ஒருவன் வீட்டுக்கும் பிரின்டர் இன்னொருவன் வீட்டுக்கும் போனது. அவர்கள் இரண்டு பேரும் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை.

அப்புறம், பிரின்டர். இருபதாயிரத்துக்குள் வருவது எதுவும் தொடங்கப் போதும். அதற்கு முன்னால் அந்தப் பள்ளி லேபில் கேட்டுப் பாருங்கள். அடல் லேப் பொருள் பட்டியலிலேயே த்ரீடி பிரின்டர் உண்டு. பெட்டி பிரிக்காமல் இருக்கும்.